முள்ளுக்கு வைத்த பால்

பூவாயியின் கைகள் புளியில் இருந்தன. சாக்கைத் தரையில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பழமாக எடுத்து ஓட்டை உடைத்தாள். நாரை உருவினாள். கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்பால் ஒரு தட்டுத் தட்டினாள். கொட்டை தெறித்து விழுந்தது. ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், பழம் மட்டும் கூடைக்குள்.

தணிகாசலம் நொண்டிக்கொண்டே வந்தார். வேலியோரம் செருப்பைக் கழற்றி விட்டு, தகரக் கூரையின் நிழல் முடிகிற இடத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. அவர் சுரங்கத்தில் பெரிய என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர்தான் சீடர். காலனியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

அவள் ஐந்தாவதோடு நின்றதற்குக் காரணமும் அவரேதான். பள்ளிக்கூடம் குழிக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடம் மட்டுமா, கூத்தம்பட்டி என்கிற ஊரே போனது. ஊருக்கு அடியில் செம்பு இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்டு வெட்டிய குழி அது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் காலனியில் ஆளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அவர் வந்தார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் டீ கொடுத்து அனுப்பினார்கள். பூவாயி வீட்டு வாசலில் நின்று அவர் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “காலையில சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அதற்குப் பிறகு அவரால் திரும்பிப் போக முடியவில்லை. காலனிக் கடைசியில் ஒரு அறை பிடித்துத் தங்கிவிட்டார். தினமும் வந்து ஏதாவது கேட்பார். சில நாள் அவள் பதில் சொல்வாள். சில நாள் விளக்குமாற்றைக் கையில் கொடுப்பாள். அவர் கூட்டிவிட்டுப் போவார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“மூணு மணிக்குக் கூட்டம் அம்மா.”

“தெரியுங்க.”

“காலனிக்குப் பின்னால நரிக்கரட்டுக் குன்றுக்கு அடியிலயும் செம்பு இருக்கு. கம்பெனி எடுக்கணும்ங்குது. காலனி ஒத்துக்கிட்டாத்தான் எடுப்பாங்களாம். காலனிக்காரங்க என் தலையில கட்டிட்டாங்க. நான் என்ன சொல்றேனோ அதுதானாம்.”

“சடையண்ணன் சொன்னாரு.”

வார்டு மெம்பர் சடையன்தான் அந்த யோசனையைக் கிளப்பியது. ஊரை அழித்த ஆளிடமே போய்க் கேட்பதா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். “ஊரை அழிச்சவரு, அதுக்கு வந்து அழுதவரு. மத்தவன் எவன் வந்து அழுதான் சொல்லு,” என்று சடையன் அவர்களின் வாயை அடைத்தார்.

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள் பூவாயி.

“எடுக்கலாம்னு.”

அவள் ஒரு பழத்தை உடைத்தாள்.

“இது குழி இல்லம்மா. வெடி கிடையாது. தூசி கிடையாது. கரட்டுல ஒரு கல்லு நகராது, மேல வெள்ளாமை பண்ணிக்கலாம். போர் போடற மாதிரி குழாய் இறக்குவாங்க. ஒரு குழாய்ல அமிலம் கலந்த தண்ணி உள்ள போகும். பாறைக்குள்ள இருக்கிற செம்பு அதுல கரையும். பக்கத்துக் குழாய் வழியா கரைஞ்ச தண்ணி மேல வரும். அதுலருந்து செம்பைப் பிரிச்சுக்குவாங்க. அவ்வளவுதான்.”

அவள் கொட்டையைத் தள்ளி வைத்தாள். புரியவில்லையோ என்று நினைத்து அவர் ஒரு புளியம்பழத்தை எடுத்துக் காட்டினார்.

“இப்ப நீங்க ஓட்டை உடைக்கறீங்க, தட்டறீங்க, கொட்டையைத் தெறிக்க விடறீங்க. இது குழி மாதிரி. அப்படி இல்லாம தண்ணி ஊத்தி ஊற வெச்சு, சாறை மட்டும் வடிச்சா?”

“சக்கை?”

“அது உள்ளயே இருக்கும்.”

“பானைக்குள்ளயா?”

“ஆமா.”

“அந்தப் பானையிலதானே நாங்க தண்ணி குடிக்கறோம்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

“அதுக்கும் வழி இருக்கும்மா. ஊத்தறதைவிட இழுக்கறது கொஞ்சம் கூடவே இருக்கணும். அப்ப வெளிய பரவாது. சுத்தி காவல் கிணறு வெட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

“செம்பு எல்லாம் வந்ததுக்கு அப்பறம்?”

“கழுவணும். நல்ல தண்ணி விட்டு விட்டு இழுக்கணும், பழையபடி ஆகற வரைக்கும்.”

“எத்தனை நாளு?”

“பல வருஷம்.”

“யாரு கழுவுவா?”

“கம்பெனிதான். காகிதத்துல எழுதியிருக்கு.”

“செம்பு இல்லாத எடத்துல உக்காந்து கழுவுவாங்களா?”

“எழுதியிருக்கும்மா.”

“நீங்க படிச்சவங்க,” என்றாள் அவள். அதில் குத்தல் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இன்னும் இரண்டு பழங்களைத் தட்டினாள்.

“இந்த வழி இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?” என்று அவள் கேட்டாள்.

தணிகாசலம் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்ட அன்று அவர் எல்லாவற்றையும் சொன்னார் என்றுதான் அவளும் ஊரும் நினைத்திருந்தது. ஒன்றைச் சொல்லவில்லை.

“அப்பவே இருந்தது,” என்றார்.

அவள் கை நிற்கவில்லை.

“முகைதீன்னு ஒரு பையன் என்கிட்ட வேலை பார்த்தான். புதுசாப் படிச்சுட்டு வந்தவன். கூத்தம்பட்டியில குழி வேணாம் சார், இப்படிக் கரைச்சே எடுக்கலாம் சார்னு நாப்பது பக்கம் எழுதிக் கொடுத்தான். படம் எல்லாம் போட்டு. ஊர் அப்படியே இருக்கும் சார்னு சொன்னான்.”

“நீங்க?”

“படிச்சேன். அவன் சொன்னது சரின்னு தெரிஞ்சுது. ஆனா அந்த வழியில செம்பு மெதுவாத்தான் வரும். எனக்கு மேல இருந்தவங்க சீக்கிரம் சீக்கிரம்னு குதிச்சுட்டிருந்தாங்க. மூலையில சிவப்பு மையால ‘தாமதம்’னு ஒரு வார்த்தை எழுதினேன். டிராயர்ல போட்டுட்டேன்.”

பூவாயி கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“ஒரு வார்த்தை அம்மா. ஒரு ஊர்.”

“அந்தப் பையன் இப்ப எங்க இருக்காரு?”

“வேலையை விட்டுட்டுப் போயிட்டான். எங்கன்னு தெரியலை. தேடலை.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைச் சரி பண்ணிக்கொண்டு, “அதனாலதான் சொல்றேன். அன்னிக்குச் செய்யாததை இன்னிக்காவது செஞ்சுட்டா…” என்று இழுத்தார்.

“அப்ப இது நரிக்கரட்டுக்காகவா, உங்களுக்காகவா?”

காலை மடக்கப் போனவர் முகத்தைச் சுளித்தார்.

“கால்ல என்ன?”

“முள்ளு. காலையில குழாய் போடற எடத்தைப் பாக்கப் போனேன். செருப்பைத் தாண்டி ஏறிடுச்சு.”

“காட்டுங்க.”

அவர் தயங்கினார். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். காலை நீட்டினார். வேலிக்காத்தான் முள். உள்ளே ஒடிந்து, கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் மேலே தெரிந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

“ஊசியா, பாலா?” என்று கேட்டாள்.

அவருக்கு உடனே புரிந்தது. வேலியோரம் எருக்கஞ்செடி நின்றது. அதன் பாலை முள் ஏறிய இடத்தில் வைத்தால் சதை இளகி, முள் தானாக மேலே வரும். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“பால்தான் அம்மா. இதைத்தான் நான் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன். ஊசி போட்டுக் குடைய வேண்டாம். கிழிக்க வேண்டாம். ரத்தம் வேண்டாம்.”

“பாலுன்னா நடக்கக் கூடாதுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நாளைக்கு. இல்லேன்னா மறுநா. முள்ளு மேல வர்ற வரைக்கும்.”

“மூணு மணிக்குக் கூட்டம் இருக்கே.”

“அப்ப ஊசி. ஒரு நிமிசம் நோகும். நடந்தே போலாம்.”

“பாலை வெச்சுக்கிட்டு மெதுவா நொண்டிக்கிட்டே போயிட்டு வந்துடறேன்.”

“நடந்தா முள்ளு மேல வராது, உள்ள எறங்கும். பாலும் கூடவே எறங்கும்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு.

பூவாயி எழுந்து போய் எருக்கஞ்செடியில் ஒரு கொழுந்தை ஒடித்தாள். ஒழுகிய பாலைச் சிரட்டையில் பிடித்தாள். திரும்பி வந்து சிரட்டையைத் தன் வலது கைப்பக்கம் வைத்தாள். சேலை முந்தியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து இடது கைப்பக்கம் வைத்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் புளியை எடுத்துக்கொண்டாள்.

“எம் பொண்ணு கண்ணு எப்படிப் போச்சுன்னு நீங்க கேட்டதே இல்ல,” என்றாள்.

தணிகாசலம் நிமிர்ந்தார். அவள் மகள் செவ்வந்திக்கு ஒன்பது வயது. இடது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கும். ஏதோ காய்ச்சலில் போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் புண்படும் என்று கேட்கவில்லை.

“நாலு வயசுங்க அப்ப. காலனி ஊத்து வத்தின மறு வருசம். குதிகால்ல முள்ளு ஏறிடுச்சு. எங்க நாத்தனா ஊசிய எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஒரு நிமிசம் கத்தும், அப்பறம் சரியாயிடும், காலைப் புடின்னாங்க. எனக்கு மனசு வரல. அந்தக் கத்தல எப்படிங்க கேக்கறது. வேண்டாம்னு புடுங்கிக்கிட்டேன். பால வெச்சேன்.”

“வலிச்சுதா?”

“இல்லீங்க. நோகுதா சாமின்னு கேட்டேன். நோகலம்மான்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.”

அவள் ஒரு பழத்தைத் தட்டினாள். கொட்டை போய்ச் சுவரில் பட்டது.

“கொழாயில தண்ணி வந்துட்டுதுன்னு சத்தம். நாலு நாளைக்கு ஒருக்காதான் வரும். விட்டா அப்பறம் கெடையாது. புள்ள நோகலங்குது, நல்லாத்தானே உக்காந்திருக்குதுன்னு கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போனேன். ரெண்டு கொடம். வரிசையில ஒரு சண்ட வேற. அங்க நின்னு ஞாயம் பேசினேன்.”

இரும்பு நின்றது.

“பாலு காலுலருந்து கைக்கு வந்துடுச்சு. கையிலருந்து கண்ணுக்கு. புள்ள கசக்கியிருக்கு. நான் வர்றப்ப கத்தக்கூட இல்ல. தேம்பிக்கிட்டிருந்துச்சு. கத்தினதெல்லாம் முன்னாடியே முடிஞ்சு போச்சு. டவுன் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். முடிஞ்சத செஞ்சாங்க.”

தணிகாசலம் தன் காலைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“முள்ளு?”

“அதுக்கென்ன. மறுநாக் காலையில வந்துடுச்சுங்க. முழுசா வந்துது. ஒரு சொட்டு ரத்தம் இல்ல.”

ஊற்று வற்றிய வருஷம் அவருக்கு மனப்பாடம். குழியின் ஆழம் ஊற்றின் மட்டத்தைத் தாண்டிய மாதம்கூட ஞாபகம் இருக்கிறது. அப்போதும் அவர்தான் அங்கே தலைமை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஊற்று. அது இருந்திருந்தால் குழாய் எதற்கு, வரிசை எதற்கு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஓட வேண்டியது எதற்கு.

“அம்மா, அந்த ஊத்து மட்டும் இருந்திருந்தா…”

“அதுக்கு நீங்க அழுதாச்சுங்க.”

“இல்லம்மா, நான்…”

“உங்க கணக்க நான் பேசல. நான் எந்திரிச்சுப் போனதச் சொல்றேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருவருக்கும் நடுவே சிரட்டையும் ஊசியும் கிடந்தன.

வேலிக்கு வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. சடையன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, பெரிய படிப்புப் படிச்ச புள்ளைக்கு இன்னிக்கு என்ன பாடம்? முட்டி போட வெச்சுட்டியா?”

“கால்ல முள்ளுண்ணே,” என்றாள் பூவாயி.

“ஒரு ஊரையே கொடஞ்ச மனுசன், ஒரு முள்ளுக்கா இப்படி உக்காந்திருக்காரு. அய்யா, வாங்க. மணி ரெண்டரை ஆகப் போவுது. பள்ளிக்கூடத்து வாசல்ல சனம் கூடிடுச்சு. கம்பெனி ஆளுங்க கார்லயே கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க வந்தாத்தான் எறங்குவாங்களாம்.”

“எல்லாரும் வந்துட்டாங்களா?”

“மொத்தக் காலனியும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், கையெழுத்துப் போட்டுட்டுச் சோத்துக்குப் போவோம். சைக்கிள்ல ஏறுங்க, நான் தள்ளிக்கிட்டுப் போறேன்.”

ஒரு வார்த்தை. தணிகாசலம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். குத்தி எடுத்துவிட்டு, இரண்டரைக்குக் கிளம்பி, மூன்று மணிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

“சடையா.”

“சொல்லுங்கய்யா.”

“கூட்டத்தை இங்க கூட்டிட்டு வா.”

“இங்கயா?” சடையன் வாசலைப் பார்த்தார். “புளியங்கொட்டை மேலயா அவங்க உக்காருவாங்க? வெள்ளப் பேன்ட்டு போட்டிருக்காங்கய்யா.”

“உக்காரட்டும். என்னால ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது.”

“ரெண்டு நாளா?”

“ஆமா.”

சடையன் பூவாயியைப் பார்த்தார். அவள் புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிதான். குருவும் சீடரும் சேர்ந்து எனக்கு நல்ல வேல வெச்சீங்க,” என்று முனகிக்கொண்டே அவர் சைக்கிளைத் திருப்பினார்.

பூவாயி சிரட்டையை எடுத்தாள். ஈர்க்குச்சியில் தொட்டு, கறுப்புப் புள்ளியின் மேல் ஒரே ஒரு சொட்டு வைத்தாள். சுற்றிலும் படாதபடி துணியால் ஒற்றினாள். மீதிப் பாலைக் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினாள். உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வந்து அவர் கைகளையும் நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

“நோகவே இல்லம்மா,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் செவ்வந்தி சொன்னதும் அதே வார்த்தை என்று அவருக்கு உறைத்தது.

தெருக்கோடியில் சனங்களின் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரோ நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்கள். கார் ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது.

“வந்துட்டாங்க அம்மா. நான் என்ன சொல்லட்டும்? வேணாம்னு சொல்லட்டுமா?”

“வேணாம்னு நான் எங்க சொன்னேன்.”

“அப்ப?”

“பாலு நல்லதுன்னு சொல்லுங்க. அது நெசம்தானே.”

“சரி.”

“குழிய விட நல்லதுன்னும் சொல்லுங்க.”

“சரி. வேற?”

வீட்டுக்குப் பின்னாலிருந்து செவ்வந்தியின் குரல் வந்தது. “யம்மா, இங்க கொஞ்சம் வாயேன்.”

“இரு சாமி, வந்துட்டேன்.” பூவாயி மடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டு எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி நின்றாள்.

“நோகாதுன்னு மட்டும் சொல்லாதீங்கய்யா. நோகற எடத்த விட்டு யாரும் எந்திரிச்சுப் போறதில்ல. நோகாத எடத்துலதான் நாம கொடத்தத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடறோம்.”